திரையின் கீழ் ஓரத்தில் ஒரு கறை

அத்தியாயம் ஒன்பது

மணி இரண்டு இருபது. நான்கு மணிக்கு விசாரணை அதிகாரி அறிக்கையில் கையெழுத்து வாங்குவார். வாங்கிய கையோடு அந்த அக்காவை ஜீப்பில் ஏற்றுவார்கள். சொந்தப் புருஷனைக் கவனக்குறைவால் கொன்றவள் என்று டைப் அடித்து முடித்தாயிற்று. அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

எங்களிடம் இருந்தது ஒரு போட்டோ, அழுது முகம் வீங்கிய ஒரு தம்பி, ஒரு கேமரா அறை, அப்புறம் என் வாய். கடைசியில் சொன்னதால் யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லை என்பது பாஸின் அபிப்பிராயம்.

பாஸ் என்றதும் தொப்பி, கோட்டு, சுருட்டு என்று கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம். ஐம்பத்திரண்டு வயது, தடித்த கண்ணாடி, தோளில் ஒரு துணிப்பை. துப்பறிய வருவதற்கு முன் பதினெட்டு வருஷம் டி.வி. ரிப்பேர் கடை நடத்திய அம்மாள் அவர். நான் அவருக்கு உதவியாளன், டிரைவர், சில நாள் தலைவலி. அதற்கு முன்னால் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். பின் சீட்டில் உட்காருகிறவர் பேசாமல் வந்தால் எனக்கு மூச்சு முட்டும். பாஸ் எனக்கு வைத்திருக்கும் பெயர் லொடலொட.

"மறுபடியும் முதல்லேர்ந்து சொல்லுங்க தம்பி," என்றார் பாஸ். "இவனுக்குப் புரியற மாதிரி."

"எனக்குப் புரிஞ்சா இந்த மேசை நாற்காலிக்கே புரிஞ்ச மாதிரி," என்றேன். தம்பி சிரிக்கவில்லை. அவன் சிரித்து மூன்று நாள் ஆகியிருக்கும். செத்துப்போனவர் அவனுடைய அக்கா புருஷன். இந்தச் சோதனைக்கூடத்தில் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். கொன்றதாகச் சொல்லப்படுகிறவள் அக்கா. எங்களைத் தேடி வந்து, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தவன் இந்தத் தம்பி.

நாங்கள் இருந்த கேமரா அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய ஹால். அதில் இடதும் வலதுமாக இரண்டு உயரமான தூண்கள். ஒவ்வொன்றின் இடுப்பிலும் எதிரெதிராக இரண்டு செப்புக் குண்டுகள். தூணில் மின்சாரம் நிரம்பினால் குண்டுக்குக் குண்டு பொறி பாயும். பெரிய பெரிய சுவிட்சுகளை அந்தப் பொறியில் காட்டிப் பரிசோதிப்பது இவர்கள் தொழில். இடது தூணை இயக்கும் மேசை அக்காவுடையது. வலது மேசை தம்பியுடையது. இரண்டும் எங்கள் அறையிலேயே, ஆளுக்கொரு மூலையில் இருந்தன.

"யாராவது ஹாலுக்குள்ள போகணும்னா, ரெண்டு மேசைச் சாவியையும் உருவி அவர் கையில கொடுத்துடணும். சாவி இல்லாம மேசை ஓடாது," என்றான் தம்பி. "அன்னிக்கு மாமா குண்டைத் துடைக்கப் போனார். நான் கொடுத்தேன். அக்காவும் கொடுத்தா, என் கண்ணால பாத்தேன். அஞ்சு நிமிஷத்துல வெடிச்சுது. நான் ஆம்புலன்சுக்கு ஓடினேன். திரும்பி வந்து பாத்தா, மாமா பையில ஒரு சாவிதான் இருக்கு. இன்னொண்ணு அக்கா மேசைல சொருகியிருக்கு. கேட்டா, நான் கொடுக்கவே இல்லைங்கிறா."

"நீங்க பாத்தது தப்பா இருக்கலாம்ல?" என்றேன்.

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க சார்." அவன் குரல் உடைந்தது. "நான் பைத்தியக்காரன் இல்ல."

பாஸ் போட்டோவை வெளிச்சத்தில் பிடித்தார். கறுப்புப் பின்னணியில் இரண்டு குட்டிப் பச்சைக் கீற்றுகள். இடது பக்கக் கீற்று மேலே இருந்தது. வலது பக்கக் கீற்று ஒரு விரக்கடை கீழே.

தம்பி மேசை மேலிருந்த சாம்பல் நிறப் பெட்டியைத் தொட்டான். "இதுதான் கேமரா. ஒரு பொறி வந்தாப் போதும், தானாப் படம் பிடிச்சுடும். உள்ள ஒரு ட்யூப். வெளிச்சம் முன்கண்ணாடியில பட்டா எலக்ட்ரானாக் கிளம்பி உள்ள பாயும். வழியில ரெண்டு ப்ளேட். ப்ளேட்டுக்குப் போற வோல்டேஜ் ஏற ஏற, எலக்ட்ரான் கத்தை மேலேர்ந்து கீழ வளைஞ்சுக்கிட்டே வரும். முதல்ல வந்த வெளிச்சம் பச்சைத் திரையில மேல விழும். பின்னால வந்தது கீழ விழும். ஒரு செகண்டைப் பத்துக் கோடித் துண்டு போட்டா, ஒரு துண்டு திரையில ஒரு விரக்கடை."

"டி.வி. மாதிரிதான்," என்றார் பாஸ். "டி.வி.ல கோடு கோடாப் படம் வரையும். இதுல நேரத்தை வரையுது. சரி, படம் என்ன சொல்லுது?"

"ஒரு தூண் வெடிச்சா, இன்னொண்ணுல மிச்சமிருக்கிறதும் கூட இழுத்துக்கிட்டு வெடிக்கும். அதனால எது முதலோ அந்த மேசைதான் ஓடிக்கிட்டு இருந்திருக்கு." அவன் போட்டோவில் மேல் கீற்றைத் தொட்டான். "இடது மேல இருக்கு. இடதுதான் முதல்."

சாவி அக்கா மேசையில். படமும் அக்கா மேசையை நோக்கியே கை நீட்டுகிறது. அவளும் நான்தான் என்கிறாள். இதற்கு மேல் துப்பறிய என்ன இருக்கிறது என்று எனக்கே தோன்றியது. பாஸ் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

"மேலதான் முதல்னு எப்படி நிச்சயமாத் தெரியும்?" என்றார் பாஸ்.

"நேத்து நிபுணர் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து சோதிச்சாங்க மேடம். நானும் காட்டறேன்."

இழுப்பறையிலிருந்து ஒரு விளக்கை எடுத்தான். அதிலிருந்து கண்ணாடி இழையில் செய்த இரண்டு கயிறுகள் தொங்கின, ஒன்று குட்டை, ஒன்று நீளம். ஒரே விளக்கின் வெளிச்சம் குட்டைக் கயிற்றில் சீக்கிரம் வந்து சேரும், நீளக் கயிற்றில் கொஞ்சம் தாமதமாக வரும். விளக்கு ஒரு முறை மின்னியது. திரையில் இரண்டு கீற்றுகள். குட்டைக் கயிறு மேலே, நீளக் கயிறு கீழே.

மறுபடியும் செய்தான். மேலே, கீழே. மூன்றாவது தடவையும் செய்தான். அப்போதும் அப்படியேதான்.

விளக்கைக் கீழே வைத்துவிட்டுத் தம்பி சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டான். முழங்காலுக்கு நடுவில் தலையைப் புதைத்துக்கொண்டான். எதையாவது சொல்லிச் சூழ்நிலையை மாற்றுவது என் வேலை. அதற்குப் பதில் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி மூன்று அடிக்கப் பதினோரு நிமிஷம்.

"பெட்டியைத் திறங்க," என்றார் பாஸ்.

"திறந்து?"

"எங்கிட்ட ரிப்பேருக்கு வந்த டி.வி. எதையும் நான் திறக்காம திருப்பி அனுப்பினதில்லை."

நான்கு திருகாணி. மூடி கழன்றதும் உள்ளே நீளமான கண்ணாடி ட்யூப் தெரிந்தது. பக்கவாட்டில் சிவப்பு, கறுப்பு என்று இரண்டு கம்பிகள். பாஸ் துணிப்பையிலிருந்து டார்ச்சை எடுத்து, திரைக்கு நேராக மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்தபடியே இருந்தார்.

"ட்யூப் புதுசா?"

"பத்து நாள் ஆச்சு," என்றான் தம்பி, தலையைத் தூக்காமல். "மாமாதான் மாத்தினார். ட்யூப் வேலை அவரோடது."

"இங்க ஒரு கறை இருக்கே. நகம் அகலத்துக்குப் பழுப்பா."

"அதுவா? வேலை இல்லாத நேரத்துல எலக்ட்ரான் கத்தையைத் திரை ஓரமா நிறுத்தி வைப்போம். ஸ்வீப், அதாவது கத்தையோட ஓட்டம், அங்கேர்ந்துதான் கிளம்பும். மாமா முன்மூடியைப் போடவே மாட்டார். ஹால்ல சிவப்பு விளக்கு எப்பவும் எரியுதில்ல, அந்த வெளிச்சம் உள்ள வந்து ஒரே இடத்துல விழுந்து விழுந்து திரை கருகிடும். பழைய ட்யூப்லயும் இருந்தது."

"பழைய ட்யூப்ல எந்த ஓரத்துல?"

"மேல் ஓரத்துல."

"இதுல கீழ இருக்கு தம்பி."

தம்பி மெதுவாகத் தலையைத் தூக்கினான். எழுந்து வந்து பார்த்தான். திரையைத் தொட்டுப் பார்த்தான், தொட்டால் கறை மேலே நகர்ந்துவிடும் என்பது போல.

எனக்கு எங்கள் கார் ஸ்டாண்டு ஞாபகம் வந்தது. "பாஸ், வண்டி எங்க நிக்குதோ அங்கதான் எண்ணெய் சொட்டும். வண்டியை எடுத்துட்டாலும் தரையில கறை இருக்கும்."

"இன்னிக்குத்தான் உருப்படியாப் பேசியிருக்கே," என்றார் பாஸ். "கத்தை பத்து நாளாக் கீழ் ஓரத்துல நின்னிருக்கு. அதாவது ஸ்வீப் கீழேர்ந்து மேல போயிருக்கு. உங்க மாமா புது ட்யூப் போடறப்ப இந்த ரெண்டு கம்பியையும் மாத்திச் சொருகிட்டார். வெடிச்ச அன்னிக்கு எடுத்த படமும் அப்படித்தான் விழுந்திருக்கு. அதைக் கீழேர்ந்து படிக்கணும்."

தம்பி போட்டோவைப் பிடுங்கி வெறித்துப் பார்த்தான். பிறகு பாஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "அக்கா இல்ல. மேடம், அக்கா இல்ல. மேல இருக்கிறது கடைசி. அக்கா மேசை முதல் இல்ல." அழுகையும் சிரிப்புமாக அவன் முகம் கோணியது. எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமாக இருந்ததால் கண்ணாடிச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவன் கதவை நோக்கி ஓடினான். பாஸ் நகரவில்லை.

"தம்பி, நில்லுங்க. அப்ப எது முதல்?"

அவன் கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றான். "வலது. என்னோடது. ஆனா என் சாவி மாமா பையிலதான் இருந்தது மேடம். அதிகாரியே எடுத்தார். அதனாலதான் என் மேசைல தப்பில்லைன்னு சாவியை எங்கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டார். என் மேசை ஓடவே முடியாது. மெஷின்ல வேற ஏதோ கோளாறு."

"இருக்கட்டும். இப்ப விளக்கு வெச்சுப் பாத்தா கம்பி சரியா இருக்கே. நேத்து நிபுணர் வர்றதுக்குள்ள அதைத் திருப்பி மாத்தினது யாரு?"

"மேனேஜர்தான்," என்றேன் நான். "அந்த ஆள் மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது."

"உனக்கு எல்லா மேனேஜர் மூஞ்சியும் அப்படித்தான் தெரியும். வாசல்ல காவலாளி இருக்கார். வெடிச்சதுக்கும் நிபுணர் வந்ததுக்கும் நடுவுல இந்த அறைக்கு யாரு வந்தாங்கன்னு கேட்டுட்டு வா."

ஓடினேன். காவலாளி நோட்டைப் புரட்டக்கூட இல்லை. "யாரும் வரல சார். அந்த அம்மா மட்டும் மறுநாள் காலைல வந்தாங்க. அவர் சாப்பாட்டு டப்பா உள்ள இருக்கு, எடுத்துக்கிறேன்னு அழுதாங்க. எனக்கு மனசு கேக்கல. திறந்துவிட்டேன். பாவம், அரை மணி நேரம் உள்ளயே உக்காந்திருந்தாங்க. தப்பா சார்?"

தப்பில்லை என்று சொல்லிவிட்டு, வந்ததை விட வேகமாகத் திரும்பினேன். பாஸிடம் ஒப்பித்தேன். அவர் சுவர் அலமாரியைக் காட்டினார். அங்கே மூன்றடுக்கு எவர்சில்வர் டப்பா ஒன்று இருந்தது. இத்தனை நேரமும் எங்கள் கண் முன்னால்தான் இருந்திருக்கிறது.

"டப்பா எடுக்க வந்தவங்க டப்பாவை எடுக்கல," என்றார் பாஸ். "கம்பி மாறியிருந்த விஷயம் வீட்டுக்காரர் சொல்லி அவங்களுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு. மேலிடத்துக்குத் தெரிஞ்சா அவருக்குத் திட்டு விழும், யாரும் இல்லாதப்ப மாத்திக்கலாம்னு ரெண்டு பேரும் மூச்சு விடல. அவங்கதான் மாத்தியிருக்காங்க."

தம்பிக்குப் புரியவில்லை. எனக்கும்தான். "பாஸ், அந்தக் கம்பி அப்படியே இருந்திருந்தா அவங்க தப்பிச்சிருப்பாங்களே. தன் தலையில தானே யாராவது மண்ணை வாரிப் போட்டுக்குவாங்களா?"

"அதான் நானும் யோசிக்கிறேன்." பாஸின் குரல் இறங்கிப்போயிருந்தது. அந்தக் குரலை எனக்குத் தெரியும். கேஸ் முடிந்துவிட்டது, ஆனால் முடிந்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். "தம்பி, உங்க சாவியைப் போட்டு மேசையை ஓட விடுங்க. தூணுக்குப் போற கம்பியைத்தான் வெடிச்ச அன்னிக்கே கழட்டிட்டாங்களே, பயமில்லை."

அவன் வலது மேசைக்குப் போய்ச் சாவியைப் போட்டுத் திருப்பினான். மேசைக்குள் ஒரு சின்ன விசிறி சுழலும் சத்தம் கேட்டது.

"ஓடுதுன்னு காட்டற விளக்கு எரியலையே?"

"அது ப்யூஸ் போய் ரொம்ப நாளாச்சு மேடம். மாத்தித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கோம்."

"சரி. இப்ப யாரோ ஹாலுக்குள்ள போறாங்க. நீங்க வழக்கமா எப்படிச் சாவியை எடுப்பீங்களோ அப்படி எடுங்க. யோசிக்காம எடுங்க."

தம்பி கையை நீட்டினான். சாவி வழுக்கிக்கொண்டு வந்தது. பழகிய கை, ஒரு நொடிகூட ஆகவில்லை. அவன் அதைப் பாஸ் கையில் கொடுத்தான்.

விசிறி நிற்கவில்லை.

மூன்று பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம். தேய்ந்துபோன பூட்டு. திருப்பி அணைக்காமலே சாவியை வெளியே விட்டுவிடுகிறது. சாவி கையில் வந்தால் மேசை செத்தது என்பது இவர்கள் தினமும் நம்பும் பாடம். உருவிக் கொடுத்துப் பழகிய கைக்குத் திருப்பினோமா இல்லையா என்று எப்படித் தெரியும். அன்றைக்கு அக்கா மேசை அணைந்திருக்கும், இந்தச் சின்னச் சத்தத்தை யார் காது கொடுத்துக் கேட்டார்கள்.

"நீங்க ஆம்புலன்சுக்கு ஓடின அந்தக் கொஞ்ச நேரத்துல," என்றார் பாஸ், "அக்கா திரையில படத்தைப் பாத்திருக்காங்க. அதைக் கீழேர்ந்து படிக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் அவங்கதான். இந்த மேசைகிட்ட வந்து நின்னு விசிறிச் சத்தத்தைக் கேட்டிருக்காங்க. வீட்டுக்காரர் பையிலேர்ந்து ரெண்டு சாவியையும் எடுத்து, உங்க சாவியால இதை அணைச்சிருக்காங்க. திரும்ப அந்தச் சாவியைப் பையிலயே போட்டுட்டு, அவங்க சாவியை அவங்க மேசைல சொருகியிருக்காங்க."

தம்பி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "மாமா பையிலேர்ந்தா," என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவர் அப்போதும் சூடாக இருந்திருப்பார். அந்தப் பைக்குள் அவள் கை விட்டிருக்கிறாள்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. ப்யூஸ் போன விளக்கின் மேலா, கம்பியை மாற்றிச் சொருகிவிட்டு வாயைத் திறக்காத அந்த மனுஷன் மேலா, எதையும் திறந்து பார்க்காமல் விடாத எங்கள் பாஸ் மேலா. அவரைத் தனியாக ஓரத்துக்கு இழுத்தேன்.

"பாஸ், பேசாம போயிடலாம். மூடியைத் திருப்பிப் போட்டுடறேன். அந்த அம்மா யோசிச்சுத்தானே முடிவு பண்ணியிருக்காங்க. இந்தத் தம்பியோட பொண்டாட்டிக்கு எட்டாம் மாசம். நமக்கு எதுவும் கிடைக்கலைன்னு சொல்லிடலாம்."

"தம்பி காதுலயும் விசிறிச் சத்தம் விழுந்துடுச்சே, லொடலொட."

"நீங்க கேக்க வெச்சீங்க."

"ஆமா," என்றார். தன் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். "நான் அதிகாரிகிட்ட வாயைத் திறக்கப்போறதில்லை. நம்மைக் கூப்பிட்டவர் அவர். அவருக்குச் சொல்லியாச்சு. இனிமே அவர் இஷ்டம்."

திரும்பிப் பார்த்தபோது தம்பி அங்கே இல்லை. பாஸ் கையிலிருந்து சாவியை எப்போது வாங்கினான் என்றே எனக்குத் தெரியாது. கதவு ஆடிக்கொண்டிருந்தது. மணி மூன்று ஐம்பத்திரண்டு.

மேனேஜர் அறைக்கு நாங்கள் மூச்சு வாங்க ஓடிச் சேர்ந்தபோது அவன் அக்கா நாற்காலிப் பக்கத்தில் நின்றிருந்தான். எதிரே விசாரணை அதிகாரி. மேசையில் மூன்று பக்கம். இரண்டில் கையெழுத்து ஆகிவிட்டது. மூன்றாவதன் மேல் பேனா நின்றிருந்தது. தலைவாராத கோலம் அந்த அக்காவுக்கு. மூன்று நாளில் கண் குழி விழுந்துவிட்டது. ஆனாலும் எல்லா வேலையையும் முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவளைப் போல அமைதியாக இருந்தாள். தம்பி கையிலிருந்த சாவியைப் பார்க்கும் வரைக்கும்.

"அக்கா, பூட்டு தேஞ்சிருக்கு," என்றான். "திருப்பாமலே சாவி வருது."

"என்ன பூட்டு?" என்றார் அதிகாரி.

"ஒண்ணுமில்ல சார்," என்றாள் அக்கா அவசரமாக. "அவன் தூங்கி மூணு நாளாச்சு. என்னவோ உளர்றான். இந்த ஒரு பக்கம்தானே? போட்டுடறேன்."

தம்பி அந்தக் காகிதத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்தான். "கம்பியை நீ மாத்தினதும் தெரியும்க்கா. சார், என் மேசைதான். அக்கா இல்ல. நான்தான்..."

அவள் எழுந்து அவன் வாயைப் பொத்தினாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவன் அவள் விரல்களை விலக்கவில்லை. கண்களிலிருந்து மட்டும் தண்ணீர் கொட்டி அவள் கையை நனைத்தது. கொஞ்ச நேரத்தில் அவளாகவே கையை எடுத்தாள்.

"ஜெயிலுக்குப் போறதெல்லாம் எனக்கு ஒரு விஷயமாடா," என்றாள். "அவரே போயிட்டார். இனிமே நான் எங்க இருந்தா என்ன. உன் கையால போனார்னு உனக்குத் தெரியாம இருந்தாப் போதும்னு நெனச்சேன். அது ஒண்ணைத்தானேடா நான் கேட்டேன்."

அப்போதுதான் வாசலில் நின்ற எங்களைப் பார்த்தாள். பாஸின் துணிப்பையை, அதிலிருந்து எட்டிப் பார்த்த டார்ச்சை, என்னை. அவள் முகத்தில் இருந்த வெறுப்பை நான் எந்தக் குற்றவாளியின் முகத்திலும் பார்த்ததில்லை.

"யாரு நீங்க?" என்றாள். "உங்களை யாரு இங்க வரச் சொன்னது? இதையெல்லாம் தோண்டிப் பாக்கச் சொல்லி யாரு உங்களைக் கேட்டா?"

பாஸ் தலையைக் குனிந்துகொண்டார். நானும் குனிந்துகொண்டேன்.

"நான்தான்க்கா கூப்பிட்டேன்," என்றான் தம்பி.